சேணம் அவிழும் கரை: டிராகன் முப்படத் தொடரின் நிறைவும் பிரிவின் அறமும்

கனடிய இயக்குநர் டீன் டெப்ளுவா எழுதி இயக்கிய ‘ஹவ் டு ட்ரெயின் யுவர் டிராகன்: தி ஹிட்டன் வேர்ல்டு’ 2019-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் திரைக்கு வந்தபோது, ட்ரீம்வொர்க்ஸ் அனிமேஷன் நிறுவனம் 2010-இல் தொடங்கிய முப்படத் தொடர் நிறைவு பெற்றது. வைக்கிங்குகள், அதாவது இடைக்காலத்தின் முற்பகுதியில் வட ஐரோப்பியக் கடல்களில் கொள்ளை, வாணிகம், குடியேற்றம் எனப் பரவிய ஸ்காண்டிநேவிய மக்கள், பெர்க் என்னும் கற்பனைத் தீவில் டிராகன்களோடு முதலில் பகைத்தும் பின்னர் உறவுகொண்டும் வாழ்வதே இத்தொடரின் கதை. முதற்படத்தில் பகை நட்பாகிறது. 2014-இல் வந்த இரண்டாம் படத்தில் அந்த நட்பு போரையும் மரணத்தையும் சந்தித்துத் தேறுகிறது. மூன்றாம் படத்தில் நண்பர்கள் பிரிகிறார்கள். குடும்பத்தோடு பார்க்கும் படங்களில் பிரிவு பெரும்பாலும் இடைவழித் துன்பமாகவே வந்துபோகும். தொலைந்தவர் கிடைப்பார், பிரிந்தவர் கூடுவார், அத்தோடு கதை முடியும். இப்படமோ ஒருவரையொருவர் முழுமையாக நேசிக்கும் இருவர் தாமாகவே பிரிந்துபோவதை முடிவாகக் கொண்டிருக்கிறது. அந்த முடிவு கண்ணீரை வரவழைக்கக் கடைசி நேரத்தில் சேர்க்கப்பட்டதன்று. முதற்படத்தில் ஒரு சிறுவன் ஏற்படுத்திய காயத்திலேயே அதற்கான வித்து விழுந்துவிட்டது. டிராகனின் வால் துடுப்பு என்னும் ஒரு பொருள் மூன்று படங்களிலும் அடையும் மாற்றங்களைப் பின்தொடர்ந்து சென்றால் இது விளங்கும்.

ஐரோப்பிய இலக்கிய மரபில் டிராகன் நெடுங்காலம் கொல்லப்படுவதற்கென்றே படைக்கப்பட்ட உயிராக இருந்தது. பழைய ஆங்கிலக் காவியமான ‘பேயோவுல்ஃப்’ தன் முதிய நாயகனைப் புதையல் காக்கும் டிராகனோடு பொருதவைத்து, இருவரையும் சாகவைத்து முடிகிறது. வட ஐரோப்பியத் தொல்கதைகளில் சிகுர்து என்பவன் ஃபாஃப்னிர் என்னும் டிராகனைக் குத்தி வீழ்த்தியே பெருவீரனாகிறான். ஜே. ஆர். ஆர். டோல்கியன் 1936-இல் பேயோவுல்ஃப் காவியம் குறித்து ஆற்றிய உரையில், அதிலுள்ள கொடிய உயிர்களை ஓரத்து அலங்காரமாகக் கருதலாகாது, அவையே காவியத்தின் மையம் என்று வாதிட்டார். மறு ஆண்டு வெளிவந்த அவரது ‘தி ஹாபிட்’ நாவலிலும் ஸ்மாக் என்னும் டிராகன் பொற்குவியல்மேல் படுத்துக் கிடந்து இறுதியில் அம்புபட்டே மாள்கிறது. இதற்கு எதிர்த்திசையில் சென்ற ஓர் ஓடையும் உண்டு. கென்னத் கிரகாம் 1898-இல் எழுதிய ‘தி ரிலக்டன்ட் டிராகன்’ கதையில் வரும் டிராகன் சண்டையில் நாட்டமில்லாதது, கவிதையில் ஆர்வமுடையது, ஒரு சிறுவனுக்கு நண்பன். ட்ரீம்வொர்க்ஸ் தொடர் இந்த இரண்டாம் ஓடையில் பிறந்ததாயினும், முதல் மரபின் நினைவை அது கைவிடவில்லை. பெர்க் தீவில் ஓர் இளைஞன் ஆளாவதற்குரிய ஒரே வழியாகத் தொடக்கத்தில் இருப்பது டிராகனைக் கொல்வதுதான்.

வரலாற்று வைக்கிங்குகளைப் பற்றிய ஒரு செய்தியை இங்கே கருதிப் பார்க்கலாம். ஐஸ்லாந்துத் தீவின் குடியேற்ற வரலாற்றைக் கூறும் ‘லாண்ட்நாமபோக்’ என்னும் நூலின் பிரதியொன்று பழைய சட்டம் ஒன்றைக் குறிக்கிறது. கப்பலின் முகப்பில் வாயைப் பிளந்து நிற்கும் செதுக்குத் தலைகளோடு யாரும் கரையை நெருங்கலாகாது, நிலத்தைக் காக்கும் ஆவிகள் அவற்றைக் கண்டு அஞ்சும் என்பதால் கரை தென்படுமுன்னரே அவற்றைக் கழற்றிவிட வேண்டும் என்பது அச்சட்டம். கடலுக்குரிய ஆற்றல் வேறு, குடியிருக்கும் நிலத்துக்குரிய ஒழுங்கு வேறு என்ற பிரிவினை அம்மக்களின் வழக்கத்திலேயே இருந்தது. படத்தை உருவாக்கியவர்கள் இச்சட்டத்தை மனத்தில் கொண்டிருந்தார்கள் என்று கொள்ள ஆதாரமில்லை. ஆயினும் மனிதர் குடியிருக்கும் கரையில் டிராகனுக்கு இடமுண்டா என்பதே இறுதிப் படம் எழுப்பும் கேள்வியாகும்.

தொடருக்கு மூலமாக அமைந்தவை ஆங்கில எழுத்தாளர் க்ரெசிடா கௌவெல் 2003-க்கும் 2015-க்கும் இடையில் எழுதிய பன்னிரண்டு சிறுவர் நாவல்கள். ஸ்காட்லாந்தின் மேற்குக் கடலோரத்தில் மக்கள் குடியில்லாத சிறு தீவொன்றில் சிறுவயதுக் கோடைக்காலங்களைக் கழித்தவர் அவர். நூல்களின் பாறையும் மழையும் காற்றும் அங்கிருந்தே வந்தவை. நூலுக்கும் படத்துக்கும் பெயர்களும் சில உறவுகளும் பொதுவாக இருந்தாலும் உலகங்கள் வேறு. நூலின் டூத்லெஸ் என்னும் டிராகன் கைக்கடக்கமான, பிடிவாதம் மிக்க, பேசத் தெரிந்த சிற்றுயிர்; படத்தின் டூத்லெஸ் நைட் ஃபியூரி என்னும் அரிய இனத்தைச் சேர்ந்த, மையிருட்டு நிறமுடைய, பேச்சற்ற வேட்டையுயிர். நூலின் நாயகனான சிறுவன் ஹிக்கப் டிராகன்களின் மொழியைக் கற்றவன். படத்தின் ஹிக்கப்புக்கு அந்த வசதி இல்லை. எனினும் ஒன்றில் இரண்டும் சேர்கின்றன. முதல் நாவலையே முதுமையடைந்த ஹிக்கப், டிராகன்கள் வாழ்ந்த ஒரு காலத்தை மறைந்துபோன காலமாக நினைவுகூர்ந்து சொல்லத் தொடங்குகிறான். டிராகன்கள் இருந்தன, இப்போது கண்ணில் படுவதில்லை, ஏன் என்ற கேள்வி அங்கேயே நாட்டப்பட்டுவிடுகிறது. முதற்படத்தின் வெற்றிக்குப் பின் தொடர்ச்சி கேட்கப்பட்டபோது, ஒரு படமாக அல்லாமல் முடிவுள்ள முப்படக் கதையாகவே அதைச் செய்ய டெப்ளுவா விரும்பினார் என்பதும், டிராகன்கள் ஏன் மறைந்தன என்பதை விளக்கித் தம் நூல்களை முடிக்கக் கௌவெல் எண்ணியிருந்தது அவரைத் தூண்டியது என்பதும் அவரது நேர்காணல்களிலிருந்து அறியப்படுபவை.

முதற்படத்தை டெப்ளுவா, கிறிஸ் சாண்டர்ஸ் ஆகிய இருவரும் சேர்ந்து இயக்கினர்; இவர்களே 2002-இல் டிஸ்னிக்காக ‘லைலோ & ஸ்டிச்’ படத்தையும் இயக்கியவர்கள். அப்படத்தின் தொடக்கத்தில், தலைவன் ஸ்டாயிக்கின் மெலிந்த மகனான ஹிக்கப், தானே செய்த எறிபொறியால் இரவு வானில் பறக்கும் நைட் ஃபியூரியை வீழ்த்துகிறான். மறுநாள் காட்டில் கயிறு சுற்றிக் கிடக்கும் அந்த உயிரைக் கொல்ல மனமின்றி அவிழ்த்துவிடுகிறான். ஆனால் விழுந்த வேகத்தில் அதன் வாலின் இடத் துடுப்பு போய்விட்டது. இரு துடுப்புகளும் சேர்ந்தியங்கினால்தான் திசை திருப்பிப் பறக்க முடியும் என்பதால், மலைக்குழியொன்றில் அது சிறைப்பட்டுக் கிடக்கிறது. ஹிக்கப் தோலும் இரும்புக் கம்பியும் கொண்டு செயற்கைத் துடுப்பொன்றைச் செய்து பொருத்துகிறான். அது தானாக விரியாது; முதலில் கயிற்றாலும், பிறகு சேணத்தில் அமைத்த மிதியாலும் அவனே அதை இயக்க வேண்டும். எந்த வளைவுக்கு எந்த நிலை என்று தாளொன்றில் குறித்துச் சேணத்தில் செருகிக்கொண்டு அவன் பறக்கிறான். அத்தாள் காற்றில் பிய்ந்து, இருவரும் தடுமாறி விழுந்து, கடைசியில் அதைக் கைவிட்டுக் கணக்கில்லாமல் உள்ளுணர்வால் பறக்கத் தொடங்கும் காட்சி இத்தொடரின் பேரழகுகளில் ஒன்று. ஆனால் அந்த அழகின் அடியில் மறந்துவிடக் கூடாத உண்மை ஒன்று உண்டு. அந்தப் பறத்தலில் ஹிக்கப் இன்றி டூத்லெஸ்ஸால் ஒரு கணமும் வானில் நிற்க இயலாது. அந்த நிலைக்கு அதைத் தள்ளியவனும் அவனே. காயப்படுத்தியவன்தான் மருத்துவன், மருத்துவன்தான் ஓட்டுபவன், ஓட்டுபவன்தான் நண்பன் என்ற சங்கிலியில் அன்பு எங்கே தொடங்குகிறது, கட்டாயம் எங்கே முடிகிறது என்று பிரித்தறிய முடியாது.

முதற்படம் இந்தச் சமனின்மையை ஒருவகையில் ஈடுகட்டப் பார்க்கிறது. இறுதிப் போரில் ஹிக்கப் தன் இடக் காலின் கீழ்ப்பகுதியை இழக்கிறான். விழித்தெழும்போது அவனுக்கு இரும்புக் கால் பொருத்தப்பட்டிருக்கிறது, அது வால் துடுப்பின் மிதியோடு பொருந்துகிறது. இருவர் உடலிலும் இடப்பக்கமே குறைகிறது. ஒருவர் குறையை மற்றவர் நிரப்புகிறார். நாயகன் நிலையான உடற்குறையோடு கதையை முடிப்பது சிறுவர் படங்களில் அரிது. அதை இரக்கத்துக்குரிய காட்சியாக்காமல் இயல்பாகக் காட்டியது படத்தின் பெருந்தன்மை. இருந்தும் கணக்கு நேராகிவிடவில்லை. கால் இழந்த ஹிக்கப் நடக்கலாம். துடுப்பு இழந்த டூத்லெஸ் தனித்துப் பறக்க முடியாது. 2011-இல் வந்த 22 நிமிடச் சிறு படமான ‘கிஃப்ட் ஆஃப் தி நைட் ஃபியூரி’ இந்த இடத்தைத் தொட்டுப் பார்த்தது. பனிக்காலத் திருநாள் பரிசாக ஹிக்கப் தானியங்கும் துடுப்பொன்றைச் செய்து தருகிறான். டூத்லெஸ் பறந்து போய்ச் சில நாள்களில் திரும்பி வந்து, புதிய துடுப்பை உடைத்துப் போட்டுவிட்டுப் பழையதையே பொருத்தச் சொல்லி நிற்கிறது. பார்ப்பவர் மனம் நெகிழும் காட்சி அது. ஆயினும் கேள்வி அங்கே விடை பெறவில்லை, ஒத்திப்போடப்பட்டது. தன் இனத்தில் இன்னொன்றைக் கண்டிராத உயிருக்குத் தனித்துப் பறந்து சேர்வதற்கு வேறிடம் இல்லை.

இறுதிப் படம் அந்த இன்னொன்றைக் கொண்டுவருகிறது. இரண்டாம் படத்தின் நிகழ்வுகளுக்கு ஓராண்டுக்குப் பின், ஹிக்கப் தந்தையை இழந்து பெர்க்கின் தலைவனாக இருக்கிறான். டூத்லெஸ் மற்ற டிராகன்கள் கட்டுப்படும் தலைமை டிராகனாகிவிட்டது. வேட்டைக்காரர்களின் கப்பல்களிலிருந்து மீட்ட டிராகன்களால் தீவு நிரம்பி வழிகிறது. கூரையும் தெருவும் தொழுவமும் ஒன்றாகிவிட்ட அந்த ஊரைப் படம் வண்ணமும் குதூகலமுமாகக் காட்டினாலும், இது நீடிக்காது என்பதை அதே காட்சிகள் சொல்லிவிடுகின்றன. மீட்பு எவ்வளவு பெருகுகிறதோ அவ்வளவுக்குப் பெர்க் எதிரிகளின் இலக்காகிறது. நைட் ஃபியூரி இனத்தை ஏறத்தாழ முற்றாகக் கொன்றழித்த கிரிம்மல் என்பவன் எஞ்சியிருக்கும் ஒன்றையும் முடிக்க வருகிறான். அவன் எடுத்து வரும் கருவி வில்லோ வலையோ அன்று, லைட் ஃபியூரி எனப்படும் வெண்ணிறப் பெண் டிராகன். அதைக் காட்டில் விட்டு டூத்லெஸ்ஸை இழுக்கிறான். மனிதனை நம்பப் பழகிய உயிர் எல்லா மனிதருக்கும் எளிதில் அகப்படும் என்பது காட்டுயிர் மீட்புப் பணியில் இருப்பவர்கள் நன்கறிந்த ஆபத்து. டூத்லெஸ் பெர்க்கில் கற்ற நம்பிக்கையே அதற்கு வலையாகிறது.

லைட் ஃபியூரி ஹிக்கப்பை அருகில் விடுவதில்லை. அதன் அச்சம் மாறுவதுமில்லை. அதை அவன் அன்பால் வென்றுவிடுவான் என்று எதிர்பார்க்கும் பார்வையாளரைப் படம் வேண்டுமென்றே ஏமாற்றுகிறது. கடற்கரையில் டூத்லெஸ் அதைக் கவர முயலும் நீண்ட காட்சி உரையாடலே இல்லாமல் செல்கிறது. முதற்படத்தில் ஹிக்கப் மண்ணில் குச்சியால் டிராகனின் உருவை வரைய, அதைப் பார்த்து டூத்லெஸ் மரக்கிளையால் தானும் கோடிழுத்து, அந்தக் கோடுகளை மிதிக்காமல் நடக்க அவனுக்குக் கற்றுக்கொடுத்த காட்சியோடு இது இணைத்துப் பார்க்கத் தக்கது. அங்கே இருவர் சேர்ந்து கண்டடைந்த வரைதல் என்னும் மொழியை இங்கே டூத்லெஸ் தன் இணைக்காக மணலில் பயன்படுத்துகிறது. புதருக்குப் பின்னால் ஒளிந்து சைகையால் யோசனை சொல்லும் ஹிக்கப், தான் கற்றுக்கொடுத்தவை இங்கு ஓரளவுக்குமேல் உதவாது என்பதை உணரத் தொடங்குகிறான். பிறகு இரு டிராகன்களும் இடிமேகத்தினூடே பறக்கும்போது வசனத்தின் இடத்தை முழுக்க இசை எடுத்துக்கொள்கிறது. மூன்று படங்களுக்கும் இசையமைத்த ஜான் பவல், முதற்படத்தில் மனிதனும் டிராகனும் கூடுவதற்கென அமைத்த இசைக்கருத்துகளை, அதாவது குறிப்பிட்ட உணர்வையோ பாத்திரத்தையோ சுட்டித் திரும்பத் திரும்ப வரும் சிறு இசைத் தொடர்களை, இங்கே விரித்தும் உருமாற்றியும் கையாள்கிறார்.

அந்த மேகக் காட்சிக்கும் கதை பெயர்பெற்ற மறைவுலகக் காட்சிக்கும் பின்னால் தொழில்நுட்ப வரலாறு ஒன்று உள்ளது. ட்ரீம்வொர்க்ஸ் தானே உருவாக்கிய ‘மூன்ரே’ என்னும் காட்சியாக்க மென்பொருளைப் பயன்படுத்தி உருவான முதல் முழுநீளப் படம் இதுவே. காட்சியாக்கம் என்பது, கணினியில் வடிவமைக்கப்பட்ட உருவங்கள், பரப்புகள், விளக்குகள் ஆகியவற்றிலிருந்து இறுதிப் படச்சட்டத்தைக் கணித்தெடுக்கும் பணி. மூன்ரே அதை ஒளிக்கதிர்கள் பொருள்கள்மேல் பட்டுத் தெறித்துச் செல்லும் பாதைகளைப் பின்தொடர்ந்து கணிக்கிறது. நீர்த்துளி, மூடுபனி, உயிரினங்கள் தாமே உமிழும் ஒளி ஆகியவை ஒன்றன்மேல் ஒன்று வீசும் வெளிச்சத்தை நம்பத்தக்க வகையில் காட்ட இம்முறை இடமளிக்கிறது. புகழ்பெற்ற ஒளிப்பதிவாளர் ரோஜர் டீக்கின்ஸ் தொடரின் மூன்று படங்களுக்கும் காட்சி ஆலோசகராக இருந்து, இருளுக்கு அஞ்சாத ஒளியமைப்பைக் கொண்டுவந்தார். கடலின் நடுவே பெரும் அருவிகள் உள்நோக்கி விழும் பிளவும், அதன் அடியில் பவளமும் படிகமும் ஒளிரும் குகைகளும், ஆயிரக்கணக்கில் டிராகன்கள் குழுமியிருக்கும் வெளியும் இந்தத் திறன்கள் கூடியதன் விளைவு. 2023-இல் நிறுவனம் இம்மென்பொருளை எவரும் எடுத்துப் பயன்படுத்தும் திறந்த மூலமாக வெளியிட்டது.

இந்த மறைவுலகில் ஹிக்கப்பும் அவன் காதலி ஆஸ்ட்ரிட்டும் ஒளிந்து நின்று பார்க்கும் காட்சிதான் படத்தின் திருப்பம். டூத்லெஸ் அங்கே இணையோடு அரசனாக நிற்கிறது. எல்லா டிராகன்களும் தலைவணங்குகின்றன. மனிதர் இருவரும் கண்டுபிடிக்கப்பட்டதும் அதே டிராகன்கள் அவர்கள்மேல் சீறுகின்றன. டூத்லெஸ் வந்து காப்பாற்றித் தூக்கிச் செல்ல வேண்டியிருக்கிறது. சிறுவயதில் தந்தை சொன்ன கதையை நம்பி, தன் மக்கள் அனைவரையும் டிராகன்களோடு அங்கே குடியேற்றலாம் என்று ஊரையே பெயர்த்துக்கொண்டு வந்த ஹிக்கப்புக்கு, அந்த இடத்தில் மனிதருக்கு வாழ்வில்லை என்பது புலனாகிறது.

இங்கே பழக்குதல், வளர்ப்பினமாக்கல் என்னும் இரு செயல்களை உயிரியல் அறிஞர்கள் வேறுபடுத்துவது துணைசெய்யும். பழக்குதல் என்பது தனியொரு காட்டுயிரின் நடத்தையை மனிதரோடு ஒத்துப்போகச் செய்வது. வளர்ப்பினமாக்கல் என்பது பல தலைமுறைகளாக இனப்பெருக்கத்தைக் கட்டுப்படுத்தி இனத்தின் மரபையே மாற்றுவது. நாய் வளர்ப்பினம், ஆசிய யானை மனிதரோடு பல்லாயிரம் ஆண்டுகள் வாழ்ந்தும் பழக்கப்பட்டதே அன்றி வளர்ப்பினமாகவில்லை. பெர்க்கின் டிராகன்களும் பழக்கப்பட்டவை மட்டுமே. பழக்கப்பட்ட உயிருக்குத் தன் காட்டுக்குத் திரும்பும் வழி அடைபடுவதில்லை, அடைபட்டிருந்தால் அது மனிதர் அடைத்ததே.

இவ்வகையில் இப்படத்தின் நெருங்கிய உறவை டிராகன் கதைகளிலன்றி, கென்யாவில் நிகழ்ந்த ஓர் உண்மை வரலாற்றில் காணலாம். 1956-இல் வனவிலங்குக் காவலரான ஜார்ஜ் ஆடம்சன் தம்மீது பாய்ந்த பெண் சிங்கம் ஒன்றைச் சுட்டுக் கொன்ற பிறகே அது குட்டிகளைக் காக்கவே பாய்ந்தது என்பதை அறிந்தார். அந்தக் குட்டிகளில் ஒன்றான எல்சாவை அவரும் மனைவி ஜாய் ஆடம்சனும் வளர்த்தனர். பின்னர் அதை விலங்குக்காட்சிச் சாலைக்கு அனுப்ப மனமில்லாமல், வேட்டையாடக் கற்பித்துப் படிப்படியாகக் காட்டில் விட்டனர். காட்டில் இணை சேர்ந்து ஈன்ற மூன்று குட்டிகளோடு எல்சா அவர்களிடம் வந்து காட்டிவிட்டுச் சென்றது. ஜாய் ஆடம்சனின் ‘பார்ன் ஃப்ரீ’ நூல் 1960-இலும், அதன் திரைவடிவம் 1966-இலும் வந்து உலகெங்கும் அறியப்பட்டன. மனிதர் செய்த காயத்தில் உறவு தொடங்குவது, அந்தக் காயமே பராமரிப்புக்கு வழிவகுப்பது, பராமரிப்பு விடுதலையில் முடிவது, விடுதலை பெற்ற உயிர் தன் மூன்று குட்டிகளோடு மீண்டும் வந்து நிற்பது என்ற வரிசை, ‘தி ஹிட்டன் வேர்ல்டு’ படத்தின் நிறைவோடு ஒவ்வொரு கண்ணியிலும் ஒத்துப்போகிறது. ஒரு வேறுபாடு உண்டு. ஆடம்சன் தம்பதியர் எல்சாவுக்கு வேட்டையைத்தான் கற்பிக்க முடிந்தது. ஹிக்கப் செய்ய வேண்டியிருந்தது தான் உடைத்ததைத் திருப்பித் தருவது.

அவன் திருப்பித் தருவது மீண்டும் ஒரு தானியங்கும் துடுப்பு. இம்முறை டூத்லெஸ் அதை உடைப்பதில்லை. அணிந்துகொண்டு இணையைத் தேடிப் பறந்துவிடுகிறது. ஹிக்கப் வானத்தைப் பார்த்து நிற்கிறான். 2011-ஆம் ஆண்டின் சிறு படத்தில் பரிசை மறுத்ததும் இங்கே ஏற்பதும் ஒரே நேர்மையின் இரு வெளிப்பாடுகள்; அன்று போக இடமில்லாமல் தங்கிய உயிருக்கு இன்று போக இடமிருக்கிறது. இதன்பின் கதையின் உச்சக் காட்சி இதே தர்க்கத்தை உடலின் மொழியில் சொல்லிமுடிக்கிறது. மயக்க அம்பு பட்டு டூத்லெஸ் வானிலிருந்து விழுகையில், ஹிக்கப் அதைக் காக்க லைட் ஃபியூரியை அனுப்பிவிட்டு, கிரிம்மலோடு சேர்ந்து தான் கடலை நோக்கி விழுகிறான். தன்னை அருகே விடாத அந்த உயிரே திரும்பி வந்து அவனைத் தாங்குகிறது. அவன் செயற்கைக் காலைப் பற்றித் தொங்கிய கிரிம்மல் அது கழன்றதும் அதோடு வீழ்கிறான். முதற்படத்தில் மிதியோடு பொருந்தி இருவரையும் ஓருடலாக்கிய அதே வகைக் கால் இங்கே கழன்று போவதை வெறும் சாகசத் தந்திரமாகக் கடந்துவிட முடியாது. அடுத்த காட்சியில் பெர்க் மக்கள் தத்தம் டிராகன்களின் சேணங்களை அவிழ்க்கிறார்கள். தான் விரும்பிய உலகை டூத்லெஸ்ஸும் விரும்பும் என்று தானே முடிவுசெய்துகொண்டதை ஹிக்கப் உணர்ந்து சொல்லும் அந்தக் கணத்தில்தான் அவன் தந்தைக்கு இணையான தலைவனாகிறான் என்று கருத இடமுண்டு.

மிகுபுனைவு இலக்கியத்தை ஆராய்ந்த ஜான் க்ளூட், ஜான் கிராண்டோடு சேர்ந்து 1997-இல் வெளியிட்ட கலைக்களஞ்சியத்தில் ‘தேய்வு’ என்று தமிழில் சொல்லத்தக்க ஒரு கருத்தை முன்வைத்தார். மிகுபுனைவு உலகங்கள் பெரும்பாலும் முன்பிருந்த நிறைவை இழந்து மெல்ல வற்றிவரும் உலகங்களாகவே காட்டப்படுகின்றன என்பது அதன் சாரம். டோல்கியனின் எல்ஃப்கள் கடல்கடந்து செல்வது அதற்கு நன்கறியப்பட்ட எடுத்துக்காட்டு. சமூகவியலறிஞர் மாக்ஸ் வேபர் 1917-இல் அறிவியல் பணி குறித்து ஆற்றிய உரையில், நவீன உலகிலிருந்து மாயம் அகற்றப்பட்டுவிட்டதாகக் கூறியதும் இதற்கு அருகில் வருவது. டெப்ளுவாவின் படம் இந்த மரபைச் சேர்ந்ததெனினும் காரணத்தில் மாறுபடுகிறது. டோல்கியனிடம் எல்ஃப்களின் காலம் முடிகிறது. வேபரிடம் அறிவு வளர்கிறது. இங்கே இரண்டும் இல்லை. டிராகன்கள் மனிதர் செய்த கொடுமையால் விலகுகின்றன. மனிதர் மாறும்வரை விலகியிருக்கின்றன. மறைவு விதியின் செயலாக இல்லாமல் மனிதர்மேல் சுமத்தப்பட்ட தீர்ப்பாக ஆகிறது. இரண்டாம் படத்தில் எந்தப் பகைவனையும் பேசி மாற்றிவிடலாம் என்று நம்பிய ஹிக்கப் அந்த நம்பிக்கைக்குத் தந்தையை விலையாகக் கொடுத்தான். மூன்றாம் படத்தில் அவன் கொடியவரைத் திருத்தும் முயற்சியைக் கைவிட்டு, எளியவரைக் காக்கும் வழியைத் தேர்கிறான். சிறுவருக்கான படமொன்று இத்தனை கசப்பான அறிவை ஆரவாரமின்றிச் சொல்லியிருப்பது மதிக்கத்தக்கது.

குறைகளும் உண்டு, அவை சிறியனவல்ல. கிரிம்மல் இரண்டாம் படத்தின் டிராகோவைப் போன்றே கொடுமைக்கென்று வந்த பாத்திரம், எஃப். மரே ஆப்ரகாமின் குரல் அவனுக்கு நயமளித்தாலும் அவனை வேட்டைக்கு ஓட்டுவது எது என்பதற்குப் போதிய இடம் கிடைக்கவில்லை. லைட் ஃபியூரிக்கு இறுதிவரை பெயரில்லை. அது காட்டுயிரின் தன்னுரிமையைக் காப்பதாகக் கொள்ளலாம் என்றாலும், வெண்மையும் வழவழப்புமாக அதன் பெண்மையை வரைந்த விதமும், கதையில் அது பெரும்பாலும் டூத்லெஸ்ஸை இழுக்கும் விசையாக மட்டுமே இயங்குவதும் அந்த விளக்கத்தை வலுவிழக்கச் செய்கின்றன. விடுதலைபெற்ற டூத்லெஸ்ஸின் துடுப்பு மனிதர் செய்த பொருள். அது பழுதானால் மறைவுலகில் யார் செப்பனிடுவார்கள் என்பதைப் படம் கேட்பதில்லை. இவையனைத்திலும் பெரியது வேறொன்று. ஹிக்கப்பும் டூத்லெஸ்ஸும் எடுக்கும் முடிவு எல்லா டிராகன்களுக்கும் எல்லா மனிதருக்கும் முடிவாகிறது. ஆஸ்ட்ரிட்டின் ஸ்டார்ம்ஃப்ளை காயப்பட்டு அவளிடம் வந்ததன்று, பறக்க அவளை எதிர்பார்த்திருந்ததுமன்று. அது தங்க விரும்பியதா, போக விரும்பியதா என்று யாரும் பார்க்கவில்லை; அரசன் போகிறது, குடிகளும் போகின்றன. மனிதரின் ஆட்சியிலிருந்து டிராகன்களை விடுவிக்கும் படம், அவற்றைத் தலைமை டிராகனின் ஆட்சிக்குள் விட்டுவிட்டு அதை இயற்கை என்று கொள்கிறது.

வணிக உலகில் இந்த முடிவு எப்படி வைக்கப்பட்டது என்பதும் கவனிக்க வேண்டியது. முதற்படத்தைப் பாராமவுண்டும், இரண்டாவதை ட்வென்டியத் செஞ்சுரி ஃபாக்ஸும், 2016-இல் ட்ரீம்வொர்க்ஸை என்பிசி யுனிவர்சல் வாங்கிய பிறகு மூன்றாவதை யுனிவர்சலும் வெளியிட்டன. 12.9 கோடி டாலர் செலவில் உருவான இறுதிப் படம் உலகெங்கும் 50 கோடி டாலருக்கு மேல் ஈட்டியது. மூன்று படங்களும் சிறந்த அனிமேஷன் படத்துக்கான ஆஸ்கர் பரிந்துரையைப் பெற்றன, ஒன்றும் வெல்லவில்லை. முதற்படம் ‘டாய் ஸ்டோரி 3’ படத்திடமும் இறுதிப் படம் ‘டாய் ஸ்டோரி 4’ படத்திடமும் பரிசை இழந்தன. பொம்மைகள் பற்றிய அந்தத் தொடரும் பிரிவைப் பற்றியதே; ஆனால் அது மூன்றாம் படத்தில் முழுமையாக முடிந்த பிறகும் மீண்டும் திறக்கப்பட்டது. டெப்ளுவாவின் தொடர் அவ்வாறு நான்காம் படத்துக்குச் செல்லவில்லை என்றாலும், அதன் உலகம் மூடப்படவில்லை. டெப்ளுவாவே முதற்படத்தை நடிகர்களைக் கொண்டு மீண்டும் இயக்கி 2025-இல் வெளியிட்டார். 2021-இல் தொடங்கிய ‘தி நைன் ரெல்ம்ஸ்’ தொலைக்காட்சித் தொடர் பல நூற்றாண்டுகளுக்குப் பிந்தைய நவீன உலகின் இளையோரை மீண்டும் டிராகன்களிடம் அழைத்துச் சென்றது.

இந்தப் பின்வரவுகளில் 2019 டிசம்பரில் ஒளிபரப்பான ‘ஹோம்கமிங்’ என்னும் சிறு படம் மட்டும் மூலப் படத்தின் முடிவோடு உண்மையாக உரையாடுகிறது. பிரிவுக்குப் பத்தாண்டுகள் கழிந்த பெர்க் மக்களின் புதிய ஊரில், ஹிக்கப்பின் குழந்தைகள் டிராகன்களைக் கொடியவையாக எண்ணி வளர்கிறார்கள். ஒரு தலைமுறை கூட முழுதாகக் கழியவில்லை, ஸ்டாயிக் காலத்துப் பகைமை நினைவு மீண்டும் தலைகாட்டுகிறது. ‘தி ஹிட்டன் வேர்ல்டு’ படத்தின் பின்னுரைக் காட்சியையும் இதன் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். ஹிக்கப்பும் ஆஸ்ட்ரிட்டும் குழந்தைகளைப் படகில் அழைத்துச் சென்று டூத்லெஸ்ஸைச் சந்திக்கும்போது, அது முதலில் அவனை அடையாளம் காணாமல் சீறுகிறது. அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டு கையை நீட்டி நிற்க, பழைய பழக்கம் திரும்புகிறது. அந்தப் பழக்கம் இருவரிடம்தான் இருக்கிறது; டூத்லெஸ்ஸின் குட்டிகளுக்கும் ஹிக்கப்பின் குழந்தைகளுக்கும் அது பிறப்பால் வருவதில்லை, யாராவது கடல்கடந்து கொண்டுபோய்க் கற்பிக்க வேண்டியிருக்கிறது. பிரிவு டிராகன்களின் உயிரைக் காத்தது. ஆனால் நட்பைக் காப்பதற்கு அது எந்த ஏற்பாட்டையும் செய்துவைக்கவில்லை. அந்தப் பணியைப் படம் அரசனிடமோ ஊரிடமோ விடாமல், படகோட்டிச் செல்லும் ஒரு தந்தையிடமும் தாயிடமும் விட்டிருக்கிறது.